அக்கா கைக்கு ஒரு கத்தி

எங்கள் அண்ணன் கத்தி செய்யக் கற்றுக்கொண்ட நாட்களில்தான் எங்கள் அக்கா கத்தியைக் கையில் எடுக்கவே தயங்க ஆரம்பித்திருந்தாள். இரண்டும் ஒரே வீட்டில் நடந்தன. பின்பக்கம் ஒன்று, சமையலறையில் ஒன்று, நடுவில் ஒரு கதவு. இருந்தும் அக்காவின் சேதி அண்ணனுக்குத் தெரிய வருவதற்குள் அவன் நாலைந்து கத்திகளைப் பாழாக்கி முடித்திருந்தான்.

அண்ணன் பஸ் டிப்போவில் டைம் கீப்பர். எந்த வண்டி எப்போது வெளியே போனது, எப்போது உள்ளே வந்தது என்று பார்ப்பதுதான் வேலை. அங்கே அவனை 'டைம்' என்றுதான் கூப்பிடுவார்கள். முதல் வண்டிக்கு முன்னால் அவன் நிற்க வேண்டும், அதனால் வீடு விழிப்பதற்குள் கிளம்பிவிடுவான். திரும்ப வரும்போது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டியிருக்கும். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. யாராவது கேட்டால், "பொண்ணு பாக்கப் போற அன்னிக்கெல்லாம் டூட்டி போட்டுட்டாங்க" என்பான்.

அக்கா எங்கள் மூவரில் மூத்தவள். தொழிற்சாலை கேண்டீன் ஒன்றில் சமைத்து ஓய்வு பெற்றவள். அத்தான் போன பிறகு அண்ணனோடு வந்து சேர்ந்தாள். வந்த கையோடு, தெருமுனையில் இருக்கும் அச்சகத்து ஆட்கள் ஏழெட்டுப் பேருக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுக்க ஆரம்பித்தாள். காலையில் எழுந்ததும் காய் நறுக்குவாள், பத்து மணிக்கெல்லாம் அடுப்பு வேலை முடிந்துவிடும், பன்னிரண்டுக்கு அச்சகத்துப் பையன் வந்து டப்பாக்களை எடுத்துப் போவான். வீடு அண்ணனுடையது என்றாலும் சமையலறை அக்காவுடையது. ஒரு டம்ளரை இடம் மாற்றி வைத்தால்கூட யார் வைத்தது என்று கண்டுபிடித்துவிடுவாள். இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கும் நான் அங்கே போனால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் வழக்கம்.

அண்ணனுக்கு இரும்புப் பித்து பிடித்தது ஃபோனால். டிப்போவில் கம்ப்யூட்டர் வந்து அவன் வேலையில் பாதியைப் பிடுங்கிக்கொண்டது. மீதி நேரத்துக்கு ஃபோனில் எவனோ ஒருவன் பழைய இரும்பைக் காய்ச்சி அடித்துக் கத்தியாக்குவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு நாள் பின்பக்கம் போய்ப் பார்த்தால் உலை ஒன்று நிற்கிறது. உடைந்த பஸ்ஸின் பிரேக் டிரம்மில் கரி, அடியில் ஒரு குழாய், குழாயின் வாயில் காற்றடிக்க ஒரு ஹேர் டிரையர். அந்த ஹேர் டிரையர் என்னுடையது.

"அண்ணா, இது எப்படி இங்க வந்துச்சு?"

"நீ போன மாசம் மறந்துட்டுப் போனியே."

"மறந்தா எடுத்து வச்சுக் குடுப்பாங்க. அடுப்புலயா சொருகுவாங்க?"

"உன் தலைக்கு அது அதிகம். காத்து நல்லா வருது" என்றான்.

பட்டறைக் கல்லுக்குப் பதிலாக ஒரு தண்டவாளத் துண்டு. சுத்தியல் கடையில் வாங்கியது. முதலில் கொக்கிகள் செய்தான். நீட்டி, நுனியைக் கூர்மையாக்கி, வளைத்தால் கொக்கி. சொல்லும்போது சுலபம். அவன் செய்த முதல் கொக்கியைப் பார்த்துவிட்டு என் வீட்டுக்காரர், "மச்சான், இது கேள்விக்குறியா?" என்று கேட்டார். அதையும் சேர்த்து எங்கள் வீட்டில் இப்போது ஒன்பது கொக்கிகள் இருக்கின்றன. மாட்டுவதற்குச் சட்டைதான் இல்லை.

பிறகு கத்தி. கட்டடம் கட்டுகிற இடத்தில் மிச்சமாகக் கிடந்த கம்பியை வாங்கி வந்து முதல் கத்தியை அடித்தான். பார்க்கக் கத்தி மாதிரியே இருந்தது. அக்கா ஒரு பூசணிக்காயை வைத்து அழுத்தினாள். கத்தி மெல்ல வளைந்துகொடுத்தது.

"மரியாதை தெரிஞ்ச கத்திடா. பூசணிக்குக் குனிஞ்சு வணக்கம் சொல்லுது" என்றாள்.

அந்தக் கம்பி எவ்வளவு காய்ச்சி நனைத்தாலும் இறுகாது என்று அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டான். டிப்போவில் ஸ்டோர்காரரிடம் சொல்லி, பஸ்ஸின் அடியில் இருக்கும் ஸ்பிரிங் பட்டையில் உடைந்துபோன ஒன்றை வாங்கி வந்தான். அது நல்ல எஃகு. காந்தம் ஒட்டாத அளவுக்குக் காய்ச்ச வேண்டும், அந்தச் சூட்டில் சட்டென்று நனைத்தால் இறுகிவிடும். இவன் வாளித் தண்ணீரில் முக்கினான். டிங் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அலகின் நடுவே தலைமுடி போல ஒரு விரிசல். ஒரு வாரம் வேலை செய்ததன் பலன் அது. வெகுநேரம் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எண்ணெய்ல முக்கியிருக்கணும்" என்றான். அடுத்ததை எண்ணெயில் முக்கினான், விரிசல் விடவில்லை, ஆனால் வாழைப்பழம் மாதிரி ஒரு பக்கம் கோணிக்கொண்டது. அதற்கடுத்ததைச் சாணைச் சக்கரத்தில் அவசரப்பட்டுத் தேய்த்ததில் விளிம்பு சூடேறி நீலம் பாய்ந்து, இறுக்கம் போய்விட்டது.

இறுகிய இரும்பு கண்ணாடி மாதிரி உடையும், அதை மறுபடியும் மிதமான சூட்டில் வைத்துப் பதப்படுத்த வேண்டும். அதற்காக அக்காவின் பெரிய வாணலியில் மணலைக் கொட்டி அடுப்பில் ஏற்றி, நடுவில் கத்தியைப் புதைத்து வைத்தான். அக்கா உள்ளே வந்தாள். வாணலியைப் பார்த்தாள்.

"மணலை வறுத்து யாருக்குடா பரிமாறப் போற?"

"ஒரு மணி நேரம்தான் அக்கா. கத்தியில வைக்கோல் நிறம் வந்ததும் எடுத்துருவேன்."

"வாணலிக்கு என்ன நிறம் வருதுன்னு நான் பாக்கறேன்."

புது வாணலி வாங்கிக் கொடுத்த பிறகுதான் பேசினாள். ஆனால் அந்த மணலில் வெந்த கத்தி தேறிவிட்டது. நேராக இருந்தது, வளையவில்லை, காகிதத்தைக் காற்றில் பிடித்துச் சீவினால் சீவியது. மரத்தில் பிடி போட்டு அக்காவிடம் கொடுத்தான். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்லா இருக்குடா" என்றாள்.

நான் அப்போது அங்கேதான் இருந்தேன். ஏதோ சரியில்லை என்று பட்டது. அக்கா எதையும் நல்லா இருக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை. என் கல்யாணப் புடவையையே "பரவாயில்ல, தூரத்துல இருந்து பாத்தா" என்றவள் அவள்.

காரணம் அண்ணனுக்குத் தற்செயலாகத்தான் தெரிந்தது. காய்ச்சல் என்று ஒரு நாள் லீவு போட்டிருந்தான். காலையில் தண்ணீர் குடிக்கப் போனவன் சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டான். அக்கா வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இரண்டு கைகளையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு கைகளைத் துடைத்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். எடுத்தாள் என்று சொல்வதைவிட, இரண்டு கைகளுக்கும் நடுவில் அதை இடுக்கிக்கொண்டாள் என்பதுதான் சரி. கேரட்டின் மேல் கத்தியை வைத்து உடம்பைச் சாய்த்து அழுத்தினாள். துண்டு தெறித்துத் தரையில் விழுந்தது.

"என்னக்கா இது?"

அக்கா திடுக்கிடவில்லை. "கேரட். பாத்ததில்லையா?" என்றாள்.

அதற்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். விரல் மூட்டுகளில் வாதம். டாக்டரிடம் போயாகிவிட்டது, மாத்திரையும் இருக்கிறது. வலி குறைகிறது, விரல்தான் மடங்குவதில்லை. இந்த மாதம் முடிந்ததும் அச்சகத்துக்குச் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிடப் போகிறாள்.

"மெஷின் வாங்கிக்கலாமே, காய் வெட்டறதுக்கு?"

"வாங்கி வச்சிருக்கேன், மேல பரண்ல. மூடியத் திருகித் திறக்கறதுக்கு ஒரு ஆள் வேணும். நீ டிப்போவுல இருந்து ஓடி வருவியா?"

அன்று சாயங்காலமே அண்ணன் கோதுமை மாவைப் பிசைந்து, உருட்டி, அக்காவின் கையில் கொடுத்தான். "இதைக் கத்திப் பிடி மாதிரி பிடி. உன் பிடி எப்படியோ அப்படியே மரத்துல செதுக்கிடறேன்." அக்கா பிடித்தாள். மாவில் விரல்களின் பள்ளங்கள் விழுந்தன. அதைக் காயவைத்து, பக்கத்தில் வைத்துப் பார்த்துப் பார்த்து மரத்தை இழைத்தான். பிடி தடிமனாக, பள்ளமும் மேடுமாக, யாரோ கடித்துத் துப்பிய மாதிரி இருந்தது. ஆனால் அக்காவின் கைக்குள் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. அவன் எதிரிலேயே ஒரு வெங்காயத்தை நறுக்கிக் காட்டினாள்.

பத்து நாள் கழித்து ஒரு காலையில் நான் அங்கே போனேன். புதுக் கத்தி துணியில் சுற்றி டப்பாவின் பின்னால் இருந்தது. அடுப்பில் உருளைக்கிழங்கு முழுசாக வெந்துகொண்டிருந்தது. அக்கா பீன்ஸைப் பல்லால் கடித்து ஒடித்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா!"

"கழுவிட்டுத்தாண்டி போடுவேன். போய் உன் அண்ணன்கிட்ட சொல்லு, கோள்மூட்டி."

சொன்னேன். அண்ணன் நம்பவில்லை. "சாயங்காலம் நல்லாத்தானே பிடிச்சா?"

"சாயங்காலம் பிடிச்சா அண்ணா. காய் நறுக்கறது காலையில."

அவனுக்கு அது உறைக்கக் கொஞ்ச நேரமானது. அவன் வீட்டில் இருப்பது சாயங்காலத்தில். அப்போது அக்காவின் கை நாள் முழுக்கப் புழங்கி, இளகி, ஏறக்குறைய பழைய கையாகவே இருக்கும். அதைத்தான் அவன் மாவில் எடுத்தான். காலையில் அவளுக்கு இருப்பது வேறு கை. கூடப் பிறந்தவன், ஒரே கூரைக்குக் கீழே இருப்பவன், அந்தக் கையைப் பார்த்தது அந்த ஒரு காய்ச்சல் நாளில்தான்.

டிப்போவில் கேட்டு ஒரு வாரத்துக்கு ஷிப்டை மாற்றிக்கொண்டான். விடிந்ததும் மாவு உருண்டையோடு சமையலறை வாசலில் போய் நின்றான். துணைக்கு என்னையும் வரச் சொல்லியிருந்தான்.

"போடா அந்தப் பக்கம்" என்றாள் அக்கா. கைகளை முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். "சாயங்காலம் வா. எத்தனை உருண்டை வேணும்னாலும் பிடிச்சுத் தரேன்."

"சாயங்காலக் கை எனக்கு வேணாம்."

"காலையில என் மூஞ்சியவே ஒருத்தரும் பாக்கக் கூடாது. இதுல கைய வேற காட்டணுமா? கேண்டீன்ல நான் நறுக்கற வேகத்தப் பாத்து மேனேஜரே நின்னுட்டுப் போவாரு. தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சா அத நெனச்சுக்கிட்டே இரு. இத வந்து பாக்காத."

அண்ணனுக்கு எதையும் நயமாகச் சொல்ல வராது. டிப்போவில் பேசுகிற மாதிரிதான் பேசினான். "அக்கா, ஒரு வண்டி காலையில ஸ்டார்ட் ஆகலேன்னு டிரைவர் எழுதிக் குடுப்பான். மெக்கானிக் மத்தியானம் வந்து பாப்பான். அதுக்குள்ள தள்ளி ஸ்டார்ட் பண்ணி, அது ஊரெல்லாம் ஓடிச் சூடாயிருக்கும். சாவியத் திருப்பினதும் எடுத்துரும். கோளாறு ஒண்ணும் இல்லேன்னு எழுதிட்டுப் போயிருவான். மறுநாள் காலையில மறுபடி நிக்கும். ஆறிக் கிடக்கற வண்டிய ஆறிக் கிடக்கும்போதுதான் பாக்கணும். இல்லேன்னா கடைசி வரைக்கும் எதுவும் தெரியாது."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் என்ன உங்க டிப்போ வண்டியா?"

"அதுக்காவது ஸ்பேர் கிடைக்கும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. ஆனால் முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து நீட்டினாள். விரல்கள் வீங்கி, பாதி மடங்கிய நிலையிலேயே நின்றிருந்தன. முழுசாக விரியவும் இல்லை, மூடவும் இல்லை. அண்ணன் மாவை அதில் வைத்தான். அக்கா பிடித்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தாள். அவன் திரும்ப எடுத்துப் பார்த்தபோது மாவில் விரல் பட்ட அடையாளமே இல்லை. உள்ளங்கையின் அடிமேடு பட்ட இடத்தில் மட்டும் ஆழமாக ஒரு குழி.

"பாத்தாச்சா?" என்றாள் அக்கா. கை மறுபடியும் முந்தானைக்குள் போய்விட்டது.

"பாத்தாச்சு. பிடிக்க வரல. அமுக்க வருது." உருண்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே பின்பக்கம் போய்விட்டான்.

அந்த வாரம் முழுக்கச் சுத்தியல் சத்தம். இந்த முறை கத்தியின் சாயலே அதில் இல்லை. அலகு அரை நிலா போல வளைந்திருந்தது. அலகின் முதுகிலிருந்து இரண்டு காம்புகள் நேர்மேலே எழுந்தன, அந்த இரண்டின் மேலும் குறுக்கே ஒரு மரக்கட்டை. விரலால் பற்ற வேண்டியதில்லை. உள்ளங்கையைக் கட்டையின் மேல் வைத்து உடம்பின் பாரத்தை இறக்கினால் போதும், அலகு இந்த நுனியிலிருந்து அந்த நுனிக்கு உருளும். அவன் செய்ததிலேயே கஷ்டமான வேலை அதுதான். காம்பை வளைக்கும்போது ஒரு தடவை அதிகமாகக் காய்ச்சி, பொறி பறந்து, இரும்பே எரிந்துபோனது. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தான். எண்ணெயில் முக்கியபோது மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதாகச் சொன்னான். பதப்படுத்த மணலும் வாணலியும் வேண்டியிருந்தன. அவனுக்கென்று ஒரு வாணலியை ஏற்கெனவே வாங்கி வைத்துக்கொண்டிருந்தான்.

ஷிப்ட் மறுபடி மாறுவதற்கு முந்தைய நாள் காலையில் அதைப் பலகையின் மேல் வைத்தான். நானும் அங்கே இருந்தேன்.

"இது கத்தியா, பெட்டியோட கைப்பிடியா?" என்றாள் அக்கா.

"வச்சுப் பாரு."

உள்ளங்கையை வைத்தாள். கீழே ஒரு கேரட். பாரத்தை இறக்கினாள். கேரட் இரண்டானது. எதுவும் தெறிக்கவில்லை. மறுபடியும் இறக்கி உருட்டினாள். அடுத்து ஒரு வெங்காயம், அதற்கடுத்து பீன்ஸ் ஒரு பிடி. பீன்ஸில் ஒன்றிரண்டு பக்கவாட்டில் நழுவின, இடது கையின் புறங்கையால் அவற்றைத் தள்ளி ஒதுக்கிவிட்டு நறுக்கினாள். பலகை நிறைந்ததும் அக்கா நிமிர்ந்தாள்.

"கட்ட வழவழன்னு இருக்கு. ஈரக் கை வச்சா வழுக்கும். கொஞ்சம் சொரசொரப்பு பண்ணிக் குடு."

"சரி."

"முட்டைக்கோஸ் எடுடி, அதையும் பாத்துருவோம்."

முட்டைக்கோஸ் முழுசாக வெட்டுப்படவில்லை. நான் அதை நாலாக வெட்டிக் கொடுத்த பிறகு அவள் பொடிப்பொடியாக நறுக்கினாள். கிழங்குத் தோல் சீவுவது அதில் முடியவே முடியாது. சீவுவதற்கு விரல் மடங்க வேண்டும். அதற்கும் ஏதாவது செய்து பார்க்கிறேன் என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"இதுக்கும் ஒரு வாணலி போகணுமா? போதும் விடு" என்றாள் அக்கா.

பன்னிரண்டு மணிக்கு அச்சகத்துப் பையன் டப்பா எடுக்க வந்தான். மாதம் முடிய இன்னும் நாலைந்து நாள்தான் இருந்தது. "அடுத்த மாசத்துல இருந்து சாப்பாடு இல்லேன்னு சொன்னீங்களாமே, வேற ஆள் பாக்கவான்னு சூப்பர்வைசர் கேக்கச் சொன்னாரு" என்றான்.

அக்கா டப்பாக்களை ஒவ்வொன்றாகத் துணிப்பையில் அடுக்கினாள். பையின் காதை முன்கையில் மாட்டித் தூக்கி அவனிடம் நீட்டினாள்.

"வேற ஆள் வேணாம்னு சொல்லு. உருளைக்கிழங்கு மட்டும் இனிமே தோலோடதான் வரும். பிடிக்காதவங்க தோல ஓரமா எடுத்து வச்சுட்டுச் சாப்பிடட்டும்."