மலை நிழலில் திறந்த நோன்பு

பொழுது சாயும் நேரம் வந்துவிட்டால் இத்ரூஸ் கையிலிருக்கும் வேலையை அப்படியே போட்டுவிட்டு, மேற்கு வானம் மறைவில்லாமல் தெரிகிற ஒரு இடத்தைத் தேடிப் போய் நிற்பார். கையிலுள்ள அகப்பையிலிருந்து குழம்பு சொட்டும். அதைக்கூடக் கவனிக்க மாட்டார். காட்டில் கூடாரம் போட்டிருந்தால் ஏதாவது ஒரு பாறையில் ஏறுவார். மாத்தளை டவுனில் வீட்டில் இருந்தால் தெருமுனையைக் கடந்து வயல் ஓரம் வரை நடப்பார். பள்ளியில் பாங்கு சொல்கிற சத்தம் அவர் வீட்டுக் குசினிக்குள் தெளிவாகக் கேட்கும். ஆனாலும் போவார். நோன்பு மாதம் என்றில்லை, வருஷம் முழுக்க இதுதான். தெருப் பிள்ளைகள் அவருக்குப் பின்னால் நின்று, தாங்களும் நெற்றியில் கையை வைத்து வானத்தைப் பார்ப்பார்கள். அவர் ஏச மாட்டார். அவருடைய மனைவி பீபி மட்டும் அந்த நேரத்தில் வாசல் பக்கம் வர மாட்டாள்.

இத்ரூஸ் நிலம் அளக்கிறவர்களின் கூட்டத்துக்குச் சமையல்காரர். ஒரு சர்வேயர், சங்கிலி பிடிக்கிறவர்கள், காடு வெட்டி வழி திறக்கிறவர்கள், எல்லோருமாகக் கலேவெல பக்கம் சில வாரம், நாவுல பக்கம் சில வாரம் என்று கூடாரத்தோடு அலைவார்கள். பானை சட்டியை மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு இத்ரூஸ் எல்லோருக்கும் முன்னால் போய்ச் சேர்ந்துவிடுவார். கூடாரத்துக்கு முளை அடிக்கும் முன்பே அவர் அடுப்புக்குக் கல் வைத்திருப்பார்.

காட்டுச் சமையலுக்கு ஒரு நெருப்பும் ஒரு பானையும் போதும் என்பார். சிவப்பரிசியையும் பருப்பையும் ஒன்றாகப் போட்டு, மஞ்சளும் வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்து அவித்து, இறக்கும் நேரத்தில் கெட்டித் தேங்காய்ப்பாலை ஊற்றிக் கிளறி விடுவார். பக்கத்தில் தணலில் கருவாடு சுடப்படும். வேலைக்குக் கொண்டுபோக, துருவின தேங்காய்ப் பூவும் பச்சை மிளகாயும் போட்டுப் பிசைந்த தடித்த ரொட்டி. அதை அவர் தாச்சியில் சுட மாட்டார். பானை மூடியைத் தணலில் கவிழ்த்து அதன் முதுகில் சுடுவார். மேலே மொறுமொறுவென்றும் உள்ளே மெதுவாகவும் இருக்கும். ஒன்று தின்றால் மத்தியானம் வரை பசிக்காது. மழை பிடித்துக்கொண்டால் மரவள்ளிக் கிழங்கைச் சாம்பலில் புதைத்துவிட்டு, வெங்காயமும் மாசிக் கருவாடும் மிளகாயும் தட்டிச் சம்பல் செய்து வைப்பார். நனைந்து வந்தவர்கள் சூட்டோடு கிழங்கை உடைத்துத் தொட்டுச் சாப்பிடுவார்கள். மாட்டிறைச்சி சமைக்கிற நாளில், காடு வெட்டுகிற மாடசாமிக்கு மட்டும் கேட்காமலே தனிச் சட்டியில் கத்தரிக்காய் கொதிக்கும்.

அவர் கையால் சாப்பிட்டவர்களில் அதிகம் ரசித்தவர் பதுர்தீன். சங்கிலி பிடிக்கிறவர். பருத்த உடம்பு, பெரிய சிரிப்பு. இத்ரூஸுக்குப் பக்கத்துத் தெருக்காரர், வயதில் இளையவர்.

அந்த வருஷத்து நோன்பு மாதம் தொடங்கியபோது கூட்டம் கலேவெலயில் இருந்தது. வெட்டவெளி நிலம். சூரியன் கண் முன்னால் இறங்கி மண்ணுக்குள் போகும். இத்ரூஸ் அதைப் பார்த்து அகப்பையால் பானை விளிம்பில் ஒரு தட்டுத் தட்டுவார். அதுதான் நோன்பு பிடித்தவர்களுக்கு அடையாளம். பதுர்தீன், அவரோடு சங்கிலி பிடிக்கிற ஹுசைன், இத்ரூஸ் மூவரும் பேரீச்சம்பழத்தை வாயில் வைத்துக்கொண்டு நோன்பு திறப்பார்கள். பிறகு கஞ்சி. பச்சரிசியோடு இஞ்சியும் வெள்ளைப் பூண்டும் வெந்தயமும் போட்டு, பொடியாக அரிந்த இறைச்சியைச் சேர்த்து, வாசத்துக்கு இராம்பை இலையோடு குழைய விட்டுத் தேங்காய்ப்பால் ஊற்றின கஞ்சி.

நோன்பு மாதம் பாதி ஆனபோது கூடாரம் நாவுலவுக்கு அப்பால் ஒரு மலையடிவாரத்துக்கு மாறியது. மேற்குப் பக்கம் முழுவதும் மலை. வந்து இறங்கின அன்றைக்கே மாடசாமி அதைக் கவனித்துவிட்டான். கூட்டத்தில் எல்லோரும் இத்ரூஸை அண்ணன் என்பதுபோல் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"நானா, இந்த மலை மேக்கால நிக்குது. பொழுது சீக்கிரமே மறைஞ்ச மாதிரி காட்டும். நா இன்னைக்கு தொரையோட மேல போறேன். நெசமா பொழுது எறங்கினதும் துணிய ஆட்டிக் காட்டட்டுமா?"

இத்ரூஸ் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை.

"இத்தன வருஷமா நான் பாத்துச் சொன்ன நேரத்துல ஒரு நாள் பிசகி இருக்கா? எங்கட நோன்பப் பத்தி ஒனக்கு என்னடா தெரியும்? நீ போய் காட்ட வெட்டு."

மாடசாமி சிரித்துக்கொண்டு போய்விட்டான். சர்வேயரின் கைக்கடிகாரமும் சர்வேயரோடு மலைக்குப் போய்விட்டது.

அன்றைக்குக் கஞ்சி நன்றாக வந்திருந்தது. நாவுல சந்தையில் இளம் இறைச்சி கிடைத்திருந்தது, பாலும் கெட்டி. கஞ்சி என்பது இறக்கின கொஞ்ச நேரத்தில் குடிக்க வேண்டிய சாமான். விட்டால் இறுகும், அடி பிடிக்கும், ஆடை கட்டும். இத்ரூஸ் இரண்டு தரம் சுடுதண்ணீர் விட்டு இளக்கினார். இன்னொரு தரம் விட்டால் ருசி போய்விடும். நிமிர்ந்து பார்த்தார். சூரியன் மலைக்குப் பின்னால் போயிருந்தது. கூடாரத்தைச் சுற்றி நிழல் விழுந்து, காட்டுக்கோழிகூடக் கூவி ஓய்ந்திருந்தது. பக்கத்திலேயே ஒரு பாறை. அதில் ஏறியிருந்தால் மரங்களுக்கு மேலாகக் கிழக்கே சமவெளியில் வெயில் கிடப்பது தெரிந்திருக்கும். கஞ்சி இறுகிப் போகுமே என்றுதான் அவர் ஏறவில்லை.

பானை விளிம்பில் தட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பதுர்தீன். "நானா, வாசம் சங்கிலி வரைக்கும் வந்திச்சு. இன்னைக்கு நான் அளந்த கோடு நேரா இருந்தா பாருங்க."

"பேசாமக் குடி. ஆறிடும்."

பதுர்தீன் முதல் கோப்பையை முடித்துவிட்டு இரண்டாவதை நீட்டினார். ஹுசைன் தொழுகைக்கு ஒளுச் செய்யத் தண்ணீர் எடுக்கப் போனார். அப்போது மேலேயிருந்து ஆட்கள் இறங்கி வரும் சத்தம் கேட்டது. அளவுக் கருவியின் முக்காலியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தவன் மாடசாமி. கோப்பைகளைப் பார்த்தான். ஒன்றும் நினைக்காமல்தான் சொன்னான்.

"என்ன நானா, மேல பொழுது இன்னும் ஒரு சாண் ஒசரத்துல நிக்குது. ஒங்களுக்கு அதுக்குள்ள விருந்து முடிஞ்சு போச்சா?"

சொன்ன பிறகுதான் அவன் தண்ணீரோடு திரும்பி வந்து நின்ற ஹுசைனின் முகத்தைப் பார்த்தான். முக்காலியைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றான். பின்னால் வந்த சர்வேயர் கடிகாரத்தைப் பார்த்து, பொழுது இறங்கித் தொழுகிற மஃரிபுக்கு இன்னும் நேரம் இருக்கிறது என்றார். ஹுசைன் வாய் கொப்பளித்துத் துப்பிவிட்டு, தன் கோப்பையில் மிச்சமிருந்ததைப் பானைக்குள் ஊற்றினார். பதுர்தீன் இரண்டாவது கோப்பையை உதட்டுக்குப் பக்கத்தில் பிடித்தபடி இருந்தார். பிறகு அதைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

"சரி, ஒரு நோன்பு போச்சு. பெருநாளைக்குப் பொறகு பிடிச்சாப் போச்சு. தெரிஞ்சா செஞ்சீங்க? விடுங்க நானா."

இத்ரூஸுக்குச் சிரிப்பு வரவில்லை. மாடசாமியைத் திரும்பிப் பார்க்கவும் முடியவில்லை. காது மடல் எரிந்தது. உண்மையான நேரம் வரும் வரை மூவரும் பானையைச் சுற்றி வாயைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். கஞ்சி இறுகி ஆடை கட்டியது. அதை அன்றைக்கு யாரும் குடிக்கவில்லை. மாடசாமிதான் பானையைத் தூக்கிக்கொண்டு போய் ஓடையில் கழுவினான்.

மறுநாளிலிருந்து ஹுசைன் சர்வேயரின் கடிகாரத்தை வாங்கி வைத்துக்கொண்டார். பானையில் தட்டுகிற வேலை இத்ரூஸிடமிருந்து போய்விட்டது. பொழுது சாயும்போது வானம் தெரிகிற இடம் தேடிப் போய் நிற்கிற பழக்கம் அவருக்கு அப்போது பிடித்ததுதான். பெருநாளுக்கு ஊர் திரும்பியபோது கதை அவருக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. நடுப் பகலில் தேத்தண்ணிக் கடையைக் கடந்து போனால் உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்கும்.

"இத்ரூஸ் நானா, பொழுது போய்ட்டா? தேத்தண்ணி குடிக்கலாமா?"

கடை முழுக்கச் சிரிப்பு எழும். இத்ரூஸ் குனிந்த தலையோடு நடப்பார்.

போன நோன்புக்குப் பதிலாக இன்னொரு நாள் நோன்பு பிடிக்க வேண்டும். அதைக் களா என்பார்கள். ஹுசைன் பெருநாள் முடிந்த வாரத்திலேயே பிடித்துவிட்டார். இத்ரூஸ் தன்னுடையதைப் பிடித்து, மனது ஆறாமல் கூடுதலாகவும் பிடித்தார். பதுர்தீன் மட்டும் தள்ளிக்கொண்டே போனார். இத்ரூஸ் அவருக்காக விடிவதற்கு முன்பே சோறு ஆக்கி எழுப்பிப் பார்த்தார். பதுர்தீன் சோற்றை ரசித்துச் சாப்பிடுவார், நோன்பு பிடிக்கிறேன் என்று நிய்யத் வைக்க மாட்டார்.

"பதுர்தீன், இன்னைக்காவது பிடி. என்ட மனசு கேக்குதில்ல."

"நீங்க ரொட்டி சுடாத நாளாப் பாத்துச் சொல்லுங்க. அன்னைக்குப் பிடிக்கிறேன். மூடி முதுகுல அந்த ரொட்டி வேகிற வாசத்துல நோன்பு பிடிக்கிறதுக்கு நான் என்ன அவுலியாவா?"

"அப்ப நான் சுடல்ல."

"சுடாட்டி நான் வேலைக்கே வரல்ல."

இத்ரூஸ் ஒரு நாள் உண்மையாகவே ரொட்டி சுடாமல் விட்டார். காடு வெட்டுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து முணுமுணுத்தார்கள். அடுத்த நாள் சுட்டார். பதுர்தீன் இரண்டு தின்றார்.

வருஷக் கடைசியில் காய்ச்சல் ஊரூராகப் பரவியது. கூட்டம் கலைந்து எல்லோரும் வீடு போனார்கள். பதுர்தீன் நடுங்கிக்கொண்டே வண்டியில் ஏறினார். அடுத்த நோன்பு பிறக்கும் முன்பே மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. அந்த ஒரு நோன்பு அப்படியே நின்றது.

இத்ரூஸுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பள்ளிக்குப் போய் லெப்பையிடம் கேட்டார். மௌத்தானவருக்காக அவருடைய சொந்தக்காரர் பிடிக்கலாம், வேறு ஆள் என்றால் சொந்தக்காரரின் சம்மதம் வேண்டும், இல்லாவிட்டால் ஏழைக்கு அரிசி கொடுக்கலாம் என்று லெப்பை சொன்னார். அப்படியானால் பதுர்தீனின் மனைவி நூருன்னிஸாவிடம் போக வேண்டும். இத்ரூஸ் அந்தத் தெரு முனை வரை போய்ப் போய்த் திரும்பினார். கடைசியில் பீபிதான் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, "வாங்க, நான் வாறேன்," என்று அவரைக் கூட்டிக்கொண்டு போனாள்.

நூருன்னிஸா கணவனை இழந்தவர்கள் இருக்கிற இத்தாவில் இருந்தாள். அந்நிய ஆண் முகம் பார்க்கக் கூடாத நாட்கள். பீபி உள்ளே போனாள். இத்ரூஸ் விறாந்தையில், திரைச் சீலைக்கு வெளியே, அரிசிப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே பேசுவது அவருக்கு நன்றாகக் கேட்டது.

"ராத்தா, அந்த நோன்ப இவரு பிடிக்கிறேன்னு சொல்றாரு," என்றாள் பீபி. "நீங்க சம்மதம் சொன்னாப் போதும்."

உள்ளே பாய் நகரும் சத்தம் கேட்டது.

"என்ட மக ஹிதாயா பிடிச்சிட்டா," என்றது நூருன்னிஸாவின் குரல். "வாப்பாட நோன்ப நான்தான் பிடிப்பேன்னு அவளே எழும்பிப் பிடிச்சா. இன்னொருத்தர் தேவல்ல."

"அப்ப அரிசியாவது..."

"அரிசி எங்கட வீட்டுலயும் இருக்கு."

இத்ரூஸ் பையின் வாயை இறுக்கிப் பிடித்தார். எழுந்து போய்விடலாம் என்று நினைத்தார். அப்போது குரல் திரைக்குப் பக்கத்தில் வந்தது. இப்போது அவள் பீபியிடம் பேசவில்லை.

"காய்ச்சல்ல கிடக்கும்போது அவரு ஒங்கட கஞ்சியத்தான் கேட்டாரு. நான் காய்ச்சிக் குடுத்தேன். இது அது இல்லன்னு முகத்தத் திருப்பிக்கிட்டாரு. மூணு தரம் காய்ச்சினேன். கடைசி வரைக்கும் சரியா வரல்ல. அத எப்படிக் காய்ச்சறதுன்னு சொல்லுங்க."

இத்ரூஸ் தரையைப் பார்த்தபடி சொல்ல ஆரம்பித்தார். அரிசியை வறுக்கக் கூடாது, கழுவி ஊற வைத்துக் கையால் நொறுக்க வேண்டும். வெந்தயம் முதலில், இஞ்சி பூண்டு பிறகு. இறைச்சி அரிசியோடு சேர்ந்தே வேக வேண்டும். பால் கடைசியில், பால் விட்ட பிறகு கொதிக்க விடக் கூடாது. சொல்லச் சொல்ல அந்த மலையடிவாரமும் பானை விளிம்பில் தான் தட்டின சத்தமும் அவருக்குத் திரும்ப வந்தன. திரைக்கு அப்பால் எத்தனை பெண்கள் இருந்து கேட்கிறார்கள் என்று தெரியவில்லை. ஒரு செத்த வீட்டு விறாந்தையில் உட்கார்ந்துகொண்டு சமையல் சொல்கிறோமே என்று உடம்பு கூசியது.

"எறக்கினதும் குடுத்திடணும்," என்று முடித்தார். "வச்சா இறுகிடும்."

"இறுகினா என்ன?" என்றாள் நூருன்னிஸா. "தண்ணி விட்டு இளக்கத் தெரியாதா எங்களுக்கு?"

அவள் அதை எந்த எண்ணத்தில் கேட்டாள் என்று யாருக்கும் தெரியாது. இத்ரூஸ் எழுந்து, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு தெருவில் இறங்கினார். பீபி அரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தாள்.

அடுத்து வந்த நோன்பு மாதம் முதல், பதுர்தீன் பெயரால் அந்த வீட்டிலிருந்து பள்ளிக்குக் கஞ்சி போகிறது. ஊரில் அதைவிட நல்ல கஞ்சி இல்லை என்கிறார்கள். இத்ரூஸ் இப்போது பல்லேபொல பக்கத்துக் கூடாரத்தில் வேலை செய்கிறார். நோன்பில் ஊருக்கு வந்தால் பள்ளிக்குப் போவார். பேரீச்சம்பழத்தாலும் தண்ணீராலும் நோன்பு திறந்துவிட்டுத் தொழுகைக்கு எழுந்துவிடுவார். கஞ்சிக் கோப்பையை அவர் பக்கம் யாரும் நீட்டுவதுமில்லை, அவர் கேட்பதுமில்லை.