அக்காவிடம் எச்சில் கேட்கப் போனவள்

பல் டாக்டரின் கிளினிக்கில், பின்பக்க அறையில் உட்கார்ந்து பல்செட் செய்கிறவளுக்கு மற்றவர்கள் வைத்த பெயர் மாமியார். கல்யாணமே ஆகாதவளுக்கு இப்படி ஒரு பெயர் அமைய வேண்டுமென்றால் வாய் எந்த லட்சணத்தில் இருக்க வேண்டும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். புதிதாகச் சேர்ந்த ரிசப்ஷன் பெண் ஒருநாள் பாவம் என்று, "சாப்டீங்களா?" என்று கேட்டுத் தொலைத்தாள். "ஏன், நீ ஆக்கி வச்சிருக்கியா?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை. இந்தக் கிளினிக்கில் ஒரு மனுஷியைச் சாப்பிட்டாயா என்று கேட்க நாதியில்லை என்பது மாமியாரின் நெடுநாள் குறை.

வேலையில் மட்டும் அவளை ஒரு குறை சொல்ல முடியாது. மெழுகில் பல்லை ஒவ்வொன்றாக நட்டு, கடி சரியாக இருக்கிறதா என்று பார்த்து, மெஷினில் தேய்த்துப் பளபளவென்று கொடுத்தால், வாங்கிக்கொண்டு போனவர்கள் கறுமுறு என்று கடித்துச் சாப்பிடுவார்கள். வந்து நன்றி சொன்னால், "பணம் குடுத்தீங்கல்ல, அப்புறம் என்ன?" என்பாள். கொஞ்சிப் பேச அவளுக்கு அவ்வளவுதான் வரும்.

அவள் குடியிருந்தது அம்மாவின் வீட்டுக் கீழ்த்தளத்தில். மாடியில் அக்கா. இருவருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஆறேழு வருஷம் ஆகிவிட்டது. அம்மா செத்துப்போன அன்று, கூடியிருந்த சொந்தபந்தம் அத்தனை பேர் முன்னாலும் அக்கா அழுதுகொண்டே ஒன்று சொன்னாள். "இவ செஞ்சு குடுத்த பல்செட்டு பொருந்தவே இல்ல. அதான் அம்மா கடைசியில சரியா சாப்பிடாமலே போய்ச் சேந்துட்டா!"

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பாள். அன்றோடு வாயை மூடியவள்தான்.

பேசாமல் இருப்பது சும்மா இருப்பது என்று நினைக்காதீர்கள். அது முழுநேர வேலை. மாடியில் செருப்புச் சத்தம் கேட்டால் அக்கா எங்கே கிளம்புகிறாள் என்று தெரிய வேண்டும். அக்கா இருமினால் டிவி சத்தத்தைக் குறைக்க வேண்டும். "எப்படி இருமுறா பாரு, ஊரே முழிச்சுக்கும்" என்று திட்டுவாள். இருமல் நின்றால்தான் தூங்குவாள். இதற்குப் பெயர் பகையாம்!

அந்தக் குடும்பமே அப்படித்தான். அப்பா தன் சொந்தத் தம்பியோடு பேசாமலே கண்ணை மூடினார். அத்தை ஒருத்தி தெருவில் இருந்த அத்தனை பேரையும் ஏசி விரட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, என்னை எட்டிப் பார்க்க ஆளில்லையே என்று புலம்பியே போய்ச் சேர்ந்தாள். "எங்க ரத்தம் அப்படி" என்பார்கள். மற்ற வீடுகளில் சொத்துபத்தைச் சொல்வதுபோல இவர்கள் இதை நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொல்வார்கள்.

இந்த நிலையில்தான் பல்கலைக்கழகத்திலிருந்து ஓர் ஆராய்ச்சிப் பெண் கிளினிக்குக்கு வந்து, எச்சில் சேகரிக்கக் கடை விரித்தாள். எதற்கு என்று மாமியார் அதட்டியதும் அந்தப் பெண் பொறுமையாகச் சொன்னாள். "தனிமையா உணர்றதுக்கும் சில ஆளுமைக் கோளாறுகளுக்கும் மரபணுவுல ஏதாவது தொடர்பு இருக்கான்னு பாக்குறோம்மா. யாரோடயும் ஒட்டாம இருக்கறது, எல்லார் மேலயும் சந்தேகப்படறது, இந்த மாதிரி. ஆனா ரத்தத்துல இருந்தா அது தலையெழுத்துன்னு அர்த்தமில்ல. ஆயிரக்கணக்கான பேரைச் சேத்துப் பாத்தாதான் ஏதோ கொஞ்சம் தெரியும். உங்க ஒருத்தரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

மாமியார் காதில் முதல் பாதிதான் விழுந்தது. இரண்டாம் பாதி விழுந்த மாதிரியே அவள் காட்டிக்கொள்ளவில்லை. அடேயப்பா, எத்தனை நிம்மதி! அப்படியென்றால் குற்றவாளி ரத்தம். இவள் வெறும் சாட்சி.

"கூடப் பொறந்தவங்க எச்சிலும் கிடைச்சா ரொம்ப நல்லது" என்றாள் அந்தப் பெண். "கேள்வியெல்லாம் அப்புறம் கேட்டுக்கலாம்."

அந்த வாரம்தான் தண்ணீர் கேன்காரர் ஒரு செய்தியைப் போட்டுவிட்டுப் போயிருந்தார். அக்காவை அவள் மகன் வெளிநாட்டுக்கே கூப்பிட்டுக்கொள்கிறானாம். ஞாயிற்றுக்கிழமை கிளம்புகிறாளாம். இனி இந்தப் பக்கமே வரமாட்டாளாம். அதைக் கேட்டதிலிருந்து மாமியாருக்குச் சோறு இறங்கவில்லை. போவதற்குள் அக்கா அந்த ஒரு வார்த்தையைத் திருப்பி எடுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் தானாக மாடி ஏறிப் போனால் மானம் போய்விடுமே! அறிவியல் கைகொடுத்தது. நம்மால் பேசவே முடியாது என்று நிரூபிப்பதற்காக அக்காவிடம் பேசப் போனாள்.

கதவைத் திறந்த அக்கா பேயைப் பார்த்ததுபோல நின்றாள். வீடு முழுக்க அட்டைப்பெட்டி.

"எச்சில் வேணும்" என்று ஆராய்ச்சிப் பெண் கொடுத்த குழாயை நீட்டினாள் மாமியார். ஆறேழு வருஷம் கழித்துப் பேசிய முதல் பேச்சு.

விஷயத்தைக் கேட்டதும் அக்கா பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். "டீ போடவா?"

"கூடாது. எச்சில் எடுக்குறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் வாயில எதுவும் படக்கூடாது."

எனவே இருவரும் காய்ந்த வாயோடு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒரு வாய் டீ இருந்திருந்தால் அதைக் குடித்தே ஒப்பேற்றியிருப்பார்கள். கையில் ஒன்றும் இல்லாததால் பேச வேண்டிய கட்டாயம். கடைசியில் அக்காதான் ஆரம்பித்தாள்.

"அந்தப் பல்செட்டு..."

"சொல்லு."

"அம்மா அதைப் போடவே இல்லடி. பொருந்தலன்னு நான்தான் நெனச்சுக்கிட்டேன். அப்புறம் பீரோவை ஒழிக்கும்போது பாத்தேன். துணியில சுத்தி, டப்பாவுல போட்டு வச்சிருந்தா. சின்னவ செஞ்சது, தேஞ்சு போயிடும்னு பக்கத்து வீட்டுக்காரம்மாகிட்ட சொல்லியிருக்கா. சாப்பாடு இறங்காதது வயித்துக் கோளாறாலதான்."

"எப்போ பாத்தே?"

"அம்மா போன மறு மாசம்."

மாமியார் விருட்டென்று எழுந்தாள். அத்தனை வருஷமும் ஒவ்வொரு பல்செட்டைத் தேய்க்கும்போதும், இதுவும் யாரையாவது பட்டினி போடுமோ என்று பயந்துகொண்டு தேய்த்தவள் அவள். "மறு மாசமே தெரியுமா? ஏன் சொல்லல?"

"சொல்லணும்னு தினமும் நெனப்பேன். வாய் வரல. நம்ம ரத்தம்தான் அப்படியாச்சே."

"ரத்தமாவது மண்ணாங்கட்டியாவது!" மாமியார் போட்ட சத்தத்தில் ஜன்னல் அதிர்ந்தது. "வாய் இருந்துச்சா இல்லையா உனக்கு? கால் இருந்துச்சா இல்லையா? இறங்கி வந்து ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சு போயிருக்கும்?"

அக்கா எழுந்து வந்தாள். குழாயை வாங்கித் துப்பி, மூடியைத் திருகி நீட்டினாள். "இதுக்குத்தானே வந்தே. எடுத்துட்டுப் போ."

இதற்காக வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். போகாதே என்று சொல்லியிருக்கலாம். அந்தப் புண்ணியவதி குழாயை வாங்கிக்கொண்டு, விறுவிறுவென்று கீழே இறங்கி வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாடிப்படியில் பெட்டி தடதடவென்று இறங்கி, அவள் கதவுக்கு வெளியே வந்து நின்றது. மாமியார் உள்ளே தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றாள். அவள் தட்டட்டும், திறக்கிறேன் என்று இவள். இவள் திறக்கட்டும் என்று அவள். அக்கா மூச்சு விடுவதுகூடக் கேட்டது. வெளியே டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். பெட்டியின் சக்கரம் உருண்டு வாசல் பக்கம் போனது. கார்க் கதவு சாத்திய பிறகுதான் மாமியாருக்குத் தாழ்ப்பாளைத் திறக்கக் கை வந்தது. தெருவில் யாரும் இல்லை.

மறுநாள் கிளினிக்கில் ஆராய்ச்சிப் பெண் கேள்விகளோடு எதிரே உட்கார்ந்தாள். "முதல் கேள்விம்மா. நீங்க தனிமையா உணர்றீங்களா? எப்பவும், சில சமயம், இல்லவே இல்ல. எதைப் போடட்டும்?"

"போன வாரம் கேட்டிருந்தா இல்லவே இல்லன்னு சொல்லியிருப்பேன்" என்றாள் மாமியார்.

"இப்போ?"

"அப்போ மாடியில ஆள் இருந்துச்சு."

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைக்கத் துடைக்க நிற்கவில்லை. ஆராய்ச்சிப் பெண் பதறிப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அழாதீங்கம்மா. இதெல்லாம் நம்ம கையில இல்ல, கொஞ்சம் பொறவியிலேயே வர்றதா இருக்கலாம்."

"இல்லம்மா" என்றாள் மாமியார். "இது நானே என் கையால செஞ்சது."