பின்வாசல் பெருங்காயம்

சமையல்காரன் மூக்கை நம்பித்தான் சட்டி அடுப்பில் ஏறுகிறது. இதை ஒப்புக்கொள்ளாதவர்கள் என் பக்கத்தில் ஒரு நாள் நின்று பார்க்கட்டும். எங்கள் மாஸ்டர் எதையும் நாக்கில் வைத்துப் பார்க்க மாட்டார். கொதிக்கிற சட்டிக்கு மேலே கொஞ்சம் குனிவார், ஆவியை இழுப்பார், "உப்பு ஒரு கை பத்தாதுக்கா" என்பார். போட்டால் சரியாக இருக்கும். திருநெல்வேலிக்காரர். செகந்திராபாத்தில் நான் நடத்திய மெஸ்ஸுக்கு ஒரு மழைநாளில் சாப்பிட வந்தார், சாம்பாரைப் பார்த்து முகத்தைச் சுளித்தார், மறுநாள் கரண்டியோடு நின்றார். அன்றிலிருந்து எங்களோடுதான்.

அந்த மெஸ்ஸுக்கு வந்தவர்கள் பெரும்பாலும் நம் ஊர்ப் பிள்ளைகள். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்து ரூமில் தங்கியவர்கள். நோய் வந்த முதல் வருஷம் ஆபீஸ்களைப் பூட்டினார்கள். பிள்ளைகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். சோறு பொங்கினால் தின்ன ஆளில்லை. ஷட்டரை இறக்கிவிட்டுப் பாத்திரங்களை மல்காஜ்கிரிக்கு, எங்கள் வீட்டுக்கே, கொண்டுவந்து அடுக்கினேன். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் கார்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் வீட்டுக்காரருக்கு. ஆபீஸே இல்லாதபோது கார் எதற்கு? அவரையும் வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலையோடு சேர்ந்து கம்பெனி கொடுத்த இன்சூரன்ஸும் போயிற்று.

வேலை போனதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். இன்சூரன்ஸ் போனதைத்தான் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அவர் உடம்பில் ஓடிக்கொண்டிருந்தது அவருடைய அக்கா கொடுத்த சிறுநீரகம். அதை உடம்பு தள்ளிவிடாமல் இருக்க ஆயுசு முழுக்க மாத்திரை. அந்த மாத்திரை உடம்பின் சண்டைபோடும் சக்தியை அடக்கி வைக்கும். "சாதாரண ஜலதோஷம்கூட இவர் கிட்ட வரக்கூடாது" என்று டாக்டர் சொல்லியிருந்தார். சாதாரண ஜலதோஷமே கூடாது என்றால் ஊரில் சுற்றுகிற இந்தச் சனியனைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? மாத்திரை வாங்க அடுப்பு எரிய வேண்டும். அடுப்பு எரிந்தால் வெளியாட்கள் வீட்டுக்குள் வர வேண்டும். இதுதான் என் நிலைமை. யாரிடம் போய் முறையிடுவது?

இரண்டாவது வருஷம் நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு. காலையில் கொஞ்ச நேரம் கடை திறக்கும்; அப்புறம் போலீஸ் விசில்தான். வீட்டோடு படுத்துக் கிடந்தவர்களுக்குச் சமைத்துப் போட ஆளில்லை. யாரோ ஒருத்தருக்கு மிளகு ரசமும் குழைந்த சோறும் கூட்டும் கட்டிக் கொடுத்தேன். அவர் இன்னொருவரிடம் சொன்னார். அல்வாலிலிருந்து கூப்பிட்டார்கள், செகந்திராபாத்திலிருந்து கூப்பிட்டார்கள். மாஸ்டர் தன் ஸ்கூட்டரில் போய் ஒவ்வொரு கேட்டிலும் பையை மாட்டிவிட்டு, மணி அடித்துவிட்டு, ஆள் வருவதற்குள் வந்துவிடுவார். நோய் ஏற ஏற எங்கள் வியாபாரமும் ஏறியது. "எரிகிற வீட்டில் பிடுங்கினது லாபம்னு இருக்கியா?" என்று என் நாத்தனார் போனில் கேட்டாள். கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. சிறுநீரகம் கொடுத்தவள் ஆயிற்றே என்று வாயை மூடிக்கொண்டேன். வேறு யாராவது கேட்டிருந்தால் நடந்திருப்பதே வேறு.

வீட்டை இரண்டாக வெட்டினேன். முன்னறை என் வீட்டுக்காரருக்கு, கதவு எப்போதும் சாத்தியே இருக்கும். பின்கட்டும் கொல்லையும் சமையலுக்கு. நான் பின்கட்டிலேயே பாயைப் போட்டுக்கொண்டேன். அவருக்கு உப்பில்லாச் சோற்றை ஜன்னல் திண்டில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுவேன். அவர் சும்மா இருக்கிற ஆளா? போன் முன்னறையில் இருந்ததால் ஆர்டர் எடுக்கிற வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். காலையில் கதவுக்கு அந்தப் பக்கமிருந்து கணக்குச் சொல்வார்.

"அல்வால் வீட்டுல இன்னைக்கு நாலு. ஸ்கூல் பக்கத்து வீட்டுல ரெண்டு. கோயில் தெருவுல..." சற்று நிறுத்துவார். "கோயில் தெருவுல ஒண்ணு குறைச்சுக்கச் சொன்னாங்க."

ஏன் என்று நான் கேட்டதில்லை. அவரும் அவர்களைக் கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம், குணமாகி எழுந்து தானே சமைத்துக்கொள்ளலாம், வேறெதுவாகவும் இருக்கலாம். ஒன்று குறைத்துக்கொள்ளுங்கள் என்றால் சரி என்று சொல்லிவிட்டுப் போனை வைக்க வேண்டும். கேட்காமல் இருப்பதுதான் அந்தத் தொழிலின் மரியாதை என்று தானாகவே ஆகிவிட்டது. அன்றைக்கு ஒரு கவர் ரசம் குறைவாகக் கட்டுவேன்.

பின்வாசலில் ஆட்களைச் சோதித்து உள்ளே விட நெற்றியில் காட்டிச் சூடு பார்க்கிற அந்தத் துப்பாக்கியை முதலில் வாங்கினேன். எனக்கும் மாஸ்டருக்கும் ஒரே சூடு. போகட்டும் என்று ஒரு கத்திரிக்காய்க்குக் காட்டினேன். அதற்கும் அதே சூடு! தூக்கிப் பரணில் எறிந்தேன். அப்போதுதான் இந்த நோய் வந்தால் வாசனை தெரியாது என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள். எனக்கு மின்னல் அடித்த மாதிரி ஒரு யோசனை. கட்டிப் பெருங்காயம் வைத்திருந்த தகர டப்பாவை எடுத்துப் பின்வாசல் மாடத்தில் வைத்தேன். பெருங்காயம் தீர்ந்துபோன டப்பாவே வருஷக்கணக்கில் மணக்கும் என்பது நம் ஊரில் பழமொழியாகவே ஆகிவிட்ட சங்கதி. இதில் பெருங்காயமும் முழுசாக இருந்தது. அது மணக்கவில்லை என்றால் கோளாறு மூக்கில்தான், வேறெங்கே?

தினமும் காலையில் நான் டப்பாவைத் திறந்து நீட்டுவேன். மாஸ்டர் மாஸ்க்கை இறக்கி மோந்து பார்ப்பார். "கும்முனு இருக்குக்கா" என்பார். அடுத்து காய் நறுக்குகிற தெலுங்குக்காரப் பெண். என் தமிழிலும் பாதி ஹைதராபாத் கலந்திருக்கும். அவளிடம் பேசும்போது முழுசாகவே கலந்துவிடும். அவள் மோந்துவிட்டுத் தும்மாமல் சமாளித்து, "ஹவ் அக்கா, ஒஸ்தோந்தி" என்பாள். ஆமாம், வாசனை வருகிறதாம். உள்ளே விடுவேன்.

"மணக்கலைன்னா நேரா வீட்டுக்குப் போயிடணும்" என்று முதல் நாளே கறாராகச் சொல்லியிருந்தேன். "குணமாகிற வரைக்கும் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது."

"அது வரைக்கும் சம்பளம், அக்கா?" என்று மாஸ்டர் கேட்டார்.

"நான் என்ன பெரிய கம்பெனியா நடத்துறேன், லீவுக்குச் சம்பளம் கொடுக்க?"

அவர் திரும்பிக் கேஸைப் பற்றவைத்தார். ரூமில் அவரோடு இருந்த இரண்டு பேருக்கும் வேலை போய்விட்டது, மூன்று பேரும் அவர் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

முன்னறை ஜன்னல் வழியாக இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தவருக்குச் சிரிப்பு. "ஏம்மா, ஆளாளுக்கு மாஸ்க்கைக் கழட்டிட்டு ஒரே டப்பாவுக்குள்ள மூக்கை விடுறீங்களே, இதுக்கு அந்தக் கத்திரிக்காய்த் துப்பாக்கியே தேவலாமே" என்றார்.

"உங்க வேலையைப் பாருங்க. நக்கோ பேசாதீங்க" என்றேன். வேண்டாம் என்பதற்கு ஹைதராபாத்தில் நக்கோ; எனக்குக் கோபம் வந்தால் மூன்று பாஷையும் ஒன்றாக வரும்.

என் சோதனை எனக்கே பெருமையாக இருந்தது. முதல் சில நாட்கள் நானும் மோந்து பார்த்தேன். அப்புறம் வேலை கழுத்தை நெரித்தது. இரண்டு மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு டப்பாவைப் பிடிப்பதோடு சரி. டிக்கெட் பரிசோதகரிடம் யார் டிக்கெட் கேட்கிறார்கள்?

அந்த வாரம் முழுக்க ஒரு வினோதம். சாப்பாட்டைப் பற்றி ஒரு புகார்கூட வரவில்லை. மெஸ் நடத்திய காலத்தில் உப்பு, காரம், முடி என்று எதற்காவது ஒருத்தன் கத்துவான். இப்போது அத்தனை வீட்டிலும் மௌனம். எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. பிறகுதான் உறைத்தது: நாங்கள் சமைத்துப் போட்டது நாக்கு செத்தவர்களுக்கு. உப்பே போடாமல் அனுப்பினாலும் விழுங்கியிருப்பார்கள். ரசத்தில் உப்பு இருந்ததா, கூட்டு ஊசிப்போயிருந்ததா, எங்களுக்குச் சொல்ல வெளியே ஒருவரும் இல்லை.

அன்று காலையும் எல்லாம் வழக்கம்போலத்தான். டப்பா நீட்டினேன், கும்மென்று இருந்தது, ஒஸ்தோந்தி, உள்ளே விட்டேன். அந்தப் பெண் கொல்லைக் குழாயடியில் கீரை அலசிக்கொண்டிருந்தாள். பெரிய அண்டாவில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அதன் பக்கத்தில் மாஸ்டர் தேங்காய் துருவினார். எதிரே நான் ரசத்தைக் கவரில் ஊற்றி நூல் சுற்றிக்கொண்டிருந்தேன்.

முன்னறையிலிருந்து சத்தம் வந்தது. "ஏம்மா, என்னமோ தீயுதே! அங்க யாருமே இல்லியா?"

நிமிர்ந்து பார்த்தேன். அண்டாவின் விளிம்பில் நீலமாகப் புகை. கரண்டியை விட்டுக் கிளறினேன். அடியிலிருந்து கருகருவென்று பாளமாக வந்தது. மாஸ்டர் ஒரு கை தூரத்தில் நின்றார். அவர் முகத்தைப் பார்த்தேன். தேங்காய் மூடியை அப்படியே பிடித்துக்கொண்டு, அந்தக் கருகலைப் புதுசாகப் பார்க்கிற மாதிரி பார்த்தார். ஆவியை மோந்தே உப்புச் சொல்கிறவர்!

"உங்களுக்கு வாசனை போய் எத்தனை நாளாச்சு?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, இருக்கு. சளி புடிச்சிருக்கு, அம்புட்டுதான்."

"பொய் சொன்னா வாயில புழுதான் புழுக்கும்!" அண்டாவை அப்படியே விட்டுவிட்டுப் போய் டப்பாவை எடுத்து வந்து அவர் மூக்குக்கு நேரே திறந்தேன். "இப்பச் சொல்லுங்க."

"கும்முனு இருக்குக்கா" என்றார். கண்ணில் தண்ணீர். "அக்கா, போவச் சொல்லிராதிய. ரூம்ல ரெண்டு பேரு நம்ம கைய எதிர்பாத்துட்டு இருக்கானுவல்லா."

அப்போதுதான், எவ்வளவு துணிச்சலாகப் பொய் சொல்கிறார் பார் என்ற ஆத்திரத்தில், என் இரண்டு மாஸ்க்கையும் இழுத்து இறக்கிவிட்டு டப்பாவை என் மூக்கில் வைத்தேன்.

ஒன்றும் இல்லை. தகரத்தின் சில்லிப்பு மட்டும்தான் மூக்கில் பட்டது.

எனக்கு வந்தது பயம் இல்லை, வெற்றி! பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன். பெருங்காயத்தை எடுத்துச் சாம்பாரில் போட்டுவிட்டு வேறு எதையோ உள்ளே வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள்! கீரையோடு ஓடிவந்த அந்தப் பெண்ணிடம் நீட்டினேன். அவள் எட்டி நின்றே மூக்கைச் சுளித்து, "ஒஸ்தோந்தி அக்கா, சால ஒஸ்தோந்தி" என்றாள். நிறையவே வருகிறதாம். "நீயுமாடி?" என்று கத்தினேன். "ரெண்டு பேரும் சேர்ந்து நாடகம் ஆடுறீங்களா? செத்த டப்பாவை மோந்து மோந்து தினமும் என்னை முட்டாளாக்கினீங்களா?" பின்னால் அண்டா இன்னும் புகைந்துகொண்டிருந்தது. அடுப்பை அணைக்க மூன்று பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

முன்னறைத் தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது. அந்தக் கதவு அவ்வளவு நாளாகத் திறந்ததே இல்லை. வீடு பற்றிக்கொண்டது என்று நினைத்திருக்கிறார் மனுஷன். ஈரத் துண்டோடு நேராக உள்ளே வந்தார், மாஸ்க் இல்லை, என் தோளை உரசிக்கொண்டு குனிந்து கேஸை அணைத்தார். நிமிர்ந்தவர் இருமினார், புகையால்தான். என் கையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"முதல்ல அந்த டப்பாவை மூடும்மா. கூடம் வரைக்கும் நாறுது."

நான் மூடவில்லை. கை வரவில்லை. எவ்வளவு கிட்டே நிற்கிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. "போங்க, உள்ள போங்க, நக்கோ, கிட்ட வராதீங்க" என்று பின்னால் நகர்ந்து கொல்லைச் சுவரில் இடித்துக்கொண்டு அலறினேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. முன்னறையில் போன் அடித்தது. போய் எடுத்து, இன்று சாப்பாடு இல்லை, மன்னிச்சுக்குங்க என்று நிதானமாகச் சொன்னார்.

அதற்குப் பிறகு எங்கள் அடுப்பு எரியவில்லை. சமைக்க ஆளில்லாத வீடுகளில் எங்களுடையதும் ஒன்றாயிற்று. இரண்டு தெரு தள்ளி ஒரு அம்மா இதே தொழில் செய்தார், முகம்கூடப் பார்த்ததில்லை. அவரிடம் இரண்டு பேருக்குச் சொன்னேன். காலையில் கேட்டில் பை தொங்கும். உப்பில்லாததை முன்னறை ஜன்னல் திண்டில் வைப்பேன். பிறகு வைக்க வேண்டிய அவசியம் இல்லாமல் போயிற்று. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்; சாப்பாட்டை அங்கே அவர்களே கொடுத்தார்கள். ஆனாலும் இரண்டு என்பதை நான் மாற்றவில்லை. திரும்பி வருவார், வந்ததும் பசிக்கும் என்று இருந்தேன்.

கடைசியில் ஒரு நாள் காலை அந்த அம்மாவுக்குப் போன் செய்தேன். "இன்னையிலேர்ந்து ஒண்ணு குறைச்சுக்குங்கம்மா" என்றேன்.

"சரிம்மா" என்றார். ஏன் என்று கேட்கவில்லை.