கீரையைத் தொடாத மாதங்கள்

நெஞ்சைத் திறப்பதற்கு முன்னால் என் பல்லைப் பிடுங்கினார்கள். மூன்று பல். கெட்ட பல்லின் அழுக்கு ரத்தத்தில் இறங்கி, புதிதாக வைக்கப்போகிற வால்வைக் கெடுத்துவிடுமாம். நெஞ்சுக்கும் பல்லுக்கும் அவ்வளவு தூரம் பழக்கமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடம் போனேன். அங்கேயும் நான் எழுந்து ஒன்று கேட்டதாக நினைவில்லை.

கடல் பொங்கி ஊருக்குள் வந்ததே, அதற்கு இரண்டு வருஷம் முந்தி நடந்தது இது. எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடற்கரையிலிருந்து கொஞ்சம் உள்ளே. வீட்டுக்குப் பின்னால் நாலு பாத்தியில் கீரை போட்டு, கூடையில் சுமந்து போய், அணுமின் நிலையத்தில் வேலை பார்க்கிறவர்கள் இருக்கும் அணுபுரம் குவார்ட்டர்ஸில் வீடு வீடாக விற்பேன். வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்து, மகளை அச்சரப்பாக்கத்தில் கட்டிக்கொடுத்த பிறகு, நான் மனுஷ முகம் பார்த்தது அந்த மாடிப்படிகளில்தான். அதிகம் பேச மாட்டேன். "கீரை" என்று ஒரு குரல் கொடுப்பேன். கதவு திறக்கும். என் கையிலிருக்கும் கட்டை அவர்கள் கை நீட்டி வாங்குவார்கள். எனக்கு அது போதுமாக இருந்தது.

மூன்றாவது மாடியில் ஒரு அம்மா. முன்பு டீச்சராக இருந்தவர். அவர் வாசலுக்கு நான் போய்ச் சேரும்போது பேச்சு வராது, மூச்சுதான் வரும்.

"கீரையம்மா, நீங்க முதல் மாடியில ஏறும்போதே உங்க மூச்சு எனக்குக் கேக்குது. குரலே கொடுக்க வேண்டாம்," என்று ஒருநாள் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்றார்.

"வயசாவுதும்மா. வேற இன்னா."

"எனக்கும்தான் ஆகுது. நான் இப்படியா இரைக்கிறேன்?"

அவர் விடவில்லை. அவர் சொன்ன டாக்டரிடம் போனேன். சின்ன வயதில் முட்டியெல்லாம் வீங்கிக் காய்ச்சல் வந்ததா என்று டாக்டர் கேட்டார். வந்தது. அந்தக் காய்ச்சல் போகிறபோது இருதயத்தில் ஒரு கதவைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது. இத்தனை வருஷம் கழித்து அது சரியாகத் திறக்க மாட்டேன் என்கிறது. சென்னைக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் எங்கே போய் நின்றாலும் ஒரே கேள்வி. "கூட யாரு?" சீட்டு போடும் இடத்தில், எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில், பல் பிடுங்கிய இடத்தில். மகளுக்குக் கைக்குழந்தை, ஆபரேஷன் அன்றைக்குத்தான் வர முடியும் என்று சொல்லியிருந்தாள். ஒருமுறை தெரியாமல், "நான்தான்" என்று சொல்லிவிட்டேன். சீட்டு எழுதியவர் நிமிர்ந்து பார்த்து, "உனக்குத் துணை நீயேவா?" என்றார். வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

ரத்தம் கொடுக்க இரண்டு பேர் வேண்டும் என்றார்கள். யாரிடம் கேட்பது? சோறு கேட்கலாம், ரத்தம் எப்படிக் கேட்பது? ஆபரேஷனுக்கு முன் கடைசியாகக் கீரை கொண்டுபோன அன்று, மூன்றாவது மாடி அம்மாதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு விஷயத்தைப் பிடுங்கினார். அவருடைய வீட்டுக்காரரும், அவரோடு வேலை பார்க்கிற ஒருவரும் சென்னைக்கு வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் உள்ளே படுத்திருந்தேன். அவர்களைப் பார்க்கக்கூட இல்லை.

அங்கே படுத்துக்கொண்டே ஒன்று முடிவு பண்ணினேன். எழுந்து நடமாடினால், முதல் கட்டுக் கீரையை அந்த அம்மா கையில் கொடுத்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். என்ன வார்த்தை என்றுதான் தெரியவில்லை. நன்றி என்பது கடிதத்தில் எழுதுகிற சொல். வாயால் சொல்லி எங்களுக்குப் பழக்கமில்லை.

ஆபரேஷனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. எனக்குத் தெரியாமல் நடந்தது. கண் விழித்தபோது தொண்டையில் குழாய், உலகத்திலேயே இல்லாத தாகம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு கட்டிப் பிடித்துக்கொண்டு இருமச் சொன்னார்கள். நான் எதையாவது கட்டிப் பிடித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் அன்று நர்ஸ் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். தெற்கத்திப் பெண், நல்ல மாதிரி.

"பாட்டி, கனம் தூக்கக் கூடாது. கத்தி, அரிவாள் எடுக்கக் கூடாது, வெட்டுப்பட்டா ரத்தம் நிக்காது. கீரையத் தொடவே கூடாது. தொட்டீங்கன்னா ரத்தம் உறையாம இருக்கக் குடுக்கற மாத்திரை வேலை செய்யாது, வால்வு அடைச்சிரும். கேட்டுதா?"

கேட்டது. எங்கள் பக்கத்தில் தின்னக் கூடாது என்றால் வாயில் வைக்காதே என்பார்கள். தொடாதே என்றால் கைதான். அந்தச் சொல் எனக்குச் சின்ன வயதிலேயே பாடம். பள்ளிக்கூடத்துத் தண்ணீர்ப் பானைக்கும் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கும் நடுவில் அந்தச் சொல்தான் நின்றது. அதைச் சொன்னால் கையை இழுத்துக்கொள்வோம். ஏன் என்று கேட்பதில்லை.

மகள் பத்து நாள் இருந்தாள். போகும்போது அவளும், "எம்மா, கீரப் பக்கம் போவாத, இன்னா?" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

நான் போகவில்லை. பாத்தியில் கீரை முற்றி, பூத்து, விதை உதிர்ந்து, தானாக மறுபடி முளைத்தது. சுற்றிப்போய்த்தான் கிணற்றில் தண்ணீர் எடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண், "அத்தே, ஆடு மேயுதே, இன்னா பாத்துகினு நிக்கிற?" என்றாள். மேயட்டும் என்றேன்.

மூச்சு நன்றாகிவிட்டது. நெஞ்சுக் கோடு ஆறிவிட்டது. மூன்று மாதம், நாலு மாதம். போவதற்குத்தான் இடம் இல்லை. கீரை இல்லாமல் அந்தப் படி ஏறினால் நான் யார்? வெறுங்கையோடு வாசலில் நின்றால், வேறு எதற்கோ வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டால்? என் வீடு எது என்று அந்த அம்மாவுக்குத் தெரியாது; நான் சொன்னதும் இல்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை என் குரலை நானே கேட்காத நாட்கள் உண்டு. உள்ளே வால்வு மட்டும் டிக் டிக் என்றது. யாரும் பேசாத வீட்டில் அது நன்றாகவே கேட்கும்.

மாதம் ஒருமுறை செங்கல்பட்டுக்குப் போய் ரத்தம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும், "கீரை உண்டா?" என்று கேட்பார்கள். "தொடறதே இல்ல" என்பேன். சரி என்று எழுதிக்கொள்வார்கள்.

எட்டாவது மாதம் என்று நினைக்கிறேன். செங்கல்பட்டுக்குப் போகிற வழியில், திருக்கழுக்குன்றத்தில் ஒருத்தி இரண்டு கையிலும் கீரைக் கட்டோடு பஸ்ஸில் ஏறினாள். நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன்.

"யக்கா, இத்த கொஞ்சம் புடி," என்று மடியில் நீட்டினாள்.

வெடுக்கென்று இரண்டு கையையும் பின்னால் இழுத்துக்கொண்டேன். கட்டு கீழே விழுந்து, காலடியில் மிதிபட்டது.

"இன்னாமே, என் கீரய தொட்டா உனுக்கு தீட்டா? பெரிய மகாராணி!"

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. என் கை அப்படியே நின்றது. யாரிடமிருந்து யார் கையை இழுத்துக்கொண்டார்கள் என்று நினைத்தபோது என் காதெல்லாம் சுட்டது. குனிந்து பொறுக்கிக் கொடுக்கக்கூட இல்லை. பயம்.

அன்றைக்கு ரத்தம் எடுத்த பெண் வழக்கம்போல, "கீரை உண்டா ஆயா?" என்று கேட்டாள். நான் அழுதுவிட்டேன். முதல் தடவையாக வாயைத் திறந்து கேட்டேன்.

"கையால தொட்டா இன்னாம்மா ஆவும்?"

"கையாலயா? கையால தொட்டா இன்னா ஆவும், கைதான் பச்சையாவும்." அவள் சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றது. "எவ்ளோ நாளா ஆயா இப்டி கீற? திங்கறதுக்குத்தான் அளவு. பறி, கட்டு, யாரு வேணான்னா? கைய மட்டும் வெட்டிக்காத."

பாத்தியைக் கொத்திப் புதுவிதை தூவினேன். இருபத்தைந்து நாள். சிறுகீரையை வேரோடு பிடுங்கிக் கழுவிக் கட்டினேன். தலைச்சுமை வேண்டாம் என்று ஒயர் கூடையில் ஆறு கட்டு வைத்துக்கொண்டு அணுபுரம் போனேன். மூன்றாவது மாடி வாசலில் நின்ற பிறகுதான் தெரிந்தது, வழியில் எங்கேயும் நிற்காமல் ஏறியிருக்கிறேன் என்று. மூச்சு கேட்கவில்லை. ஆகவே குரல் கொடுத்தேன்.

கதவைத் திறந்தவர் வேறொருவர். சின்ன வயசு.

"அவங்களா? சாருக்கு வடக்க மாத்தலாயிடுச்சே. போய் அஞ்சு மாசம் ஆகுது. ஏன், பாக்கி ஏதாவதா?"

"இல்லம்மா."

"என்ன கீரை? ஒரு கட்டு குடுங்க."

இரண்டு கட்டு எடுத்து நீட்டினேன். என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். ஈரம் அவர் விரலில் சொட்டியது.

"ஒண்ணுதானே கேட்டேன்?"

"இருக்கட்டும்மா," என்றேன்.

அவ்வளவுதான் சொல்ல வந்தது. கதவு சாத்தியது. பிறகு கீழ் வீட்டுக்கு இறங்கினேன்.