கல்லூரிக்காரியாக நடித்த சாயங்காலம்

எனக்கு எப்போதுமே ஓர் இடத்தில் உட்கார வராது. அந்த மாதங்களில் அது இன்னும் மோசமானது. சட்டப் பட்டம் கையில் இருந்தது. வழக்கறிஞராக வேண்டுமானால் அதற்குமேல் ஒரு தொழில் தேர்வும் எழுத வேண்டும். அதற்குப் பயிற்சி தரும் தனியார் கல்லூரியோ கட்டணத்தை ஏற்றிக்கொண்டே போனது. நான் சுங்கைப் பட்டாணியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் கிளார்க் வேலை பார்த்து, அதில் சேரப் பணம் சேமித்துக்கொண்டிருந்தேன். இந்த முறையும் ஏறினால் படிப்பு அவ்வளவுதான். மெர்போக் வீட்டில் அப்பா காசில்லை என்று சொல்லாமலே அது எனக்குத் தெரியும்.

என்னோடு பட்டம் வாங்கிய நால்வர் அந்தக் கல்லூரியில் ஏற்கெனவே சேர்ந்திருந்தார்கள். கட்டண உயர்வை எதிர்ப்போம் என்று அவர்களைக் கிளப்பியது நான்தான். பாசார் மாலாம் இரவுச் சந்தையில், கோயில் வாசலில், பேருந்து நிலையத்தில் என்று நின்று கையெழுத்து வாங்கினோம். கடைசியில் கல்லூரி நிர்வாகி எங்களைச் சந்திக்கச் சம்மதித்தார்.

சட்டம் படித்தவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வாதாடப் போகுமுன் யாராவது ஒருவர் எதிர்த்தரப்பாக நின்று பேசிக் காட்ட வேண்டும். பாக்கார் ஆராங் பகுதியில் சோறும் கறியும் விற்கும் ஒரு நாசி கண்டார் கடையில் கூடினோம். என் வாய் பெரிது என்பதால் என்னைக் கல்லூரிக்காரியாக்கினார்கள்.

"வாடகை ஏறிப்போச்சு. லெக்சரர் சம்பளம் ஏறிப்போச்சு. நாங்க என்ன தர்மத்துக்கா நடத்துறோம்?" என்று மேசையைத் தட்டினேன்.

கடைக்கார அண்ணன் நடிப்பை நிஜமென்று நம்பி, ஆற்றிய தே தாரிக் டீயை வைத்துவிட்டு என் பக்கம் குனிந்தார். "பாவம்மா பிள்ளைங்க. கொஞ்சம் கொறைச்சுக்க லா."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் குஷி வந்துவிட்டது. "சரி, ஏற்கெனவே சேர்ந்தவங்களுக்குப் பழைய கட்டணம்தான். புதுசா வர்றவங்களுக்கு மட்டும் ஏத்துறோம். என்ன சொல்றீங்க?" என்றேன்.

"அப்படிச் சொன்னா எந்திரிச்சு வந்துருவோம் லா. ஒன்ன விட்டுட்டா?" என்றான் எங்களைக் காரில் கல்லூரிக்கு அழைத்துப் போகவிருந்தவன். மற்ற மூவரும் தலையாட்டினார்கள். நான் நம்பினேன்.

நிர்வாகியின் அறையில் மேசைக்கடியில் என் கால் ஆடிக்கொண்டே இருந்தது. அவர் வாடகையைச் சொன்னார், பதில் கொடுத்தோம். சம்பளத்தைச் சொன்னார், அதற்கும் கொடுத்தோம். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன். அப்போது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, சேர்ந்தவர்களுக்குப் பழைய கட்டணமே தொடரும், புதியவர்களுக்கு மட்டும் உயர்வு என்றார்.

நால்வரையும் பார்த்தேன். ஒருவரும் எழவில்லை. கார்க்காரன் நன்றி சொன்னான்.

"புதுசா சேர்றவங்க என்ன சார் செய்வாங்க?" என்று கேட்டேன்.

"நீங்க எந்த பேட்ச்?" என்றார் அவர், மிகவும் மரியாதையாக. என்னிடம் சொல்ல எந்த பேட்ச்சும் இல்லை.

திரும்பும் வழியில் கார்க்காரன், "நீ சொன்ன மாதிரியே சொன்னாரு லா, கெட்டிக்காரிதான்" என்றான். பாராட்டுகிறானாம். பாக்கார் ஆராங் வந்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிக்கொண்டேன்.

மறுவாரம் அதே கடையில் போய் உட்கார்ந்தேன். மறுபடி எதிர்த்துப் பார்க்க, என்னைப்போல் இன்னும் எங்கும் சேராத இரண்டு பேர் வருவதாகச் சொல்லியிருந்தார்கள். எழுந்து வாசலைப் பார்ப்பதும் மறுபடி உட்காருவதுமாக இருந்தேன். கடைக்கார அண்ணன் வந்தார்.

"அந்தப் பிள்ளைங்களுக்குக் கொறைச்சியாம்மா?"

"அவங்களுக்கு ஏத்தலண்ணே."

"நல்ல காரியம். அப்ப யாருக்குத்தான் ஏத்தினே?"

"எனக்குண்ணே."