பாரிஸில் மாமா சாப்பிட வேண்டிய இடங்கள்

1987ஆம் ஆண்டு ஜூன் மாதம், ஒரு ஞாயிறு காலை, மாமா பேஸ்மென்டுக்கு இறங்கி வந்து என் கட்டிலில் இருந்தார். கனடாவில், யூனியன்வில்லில் இருந்த அவருடைய வீட்டுக்கு நான் வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. அவர் என் கட்டிலில் வந்து இருந்தது அது இரண்டாவது தடவை.

"ஓகஸ்டிலை மாமியும் நானும் லண்டனுக்குப் போறம். கலியாணம் கட்டி இருபத்தஞ்சு வருசமாகுது. போற வழியிலை பாரிஸிலை நாலு நாள் நிப்பம். நீ அங்கை ரெண்டு வருசம் இருந்தனியெல்லே? எங்கை சாப்பிடுறது, எந்தச் சாப்பாட்டோடை எந்த வைன் குடிக்கிறது எண்டு நாள் நாளாய் எழுதித் தா."

"ஓம் மாமா, எழுதித் தாறன்."

அவர் மேலே போன பிறகு நான் சிரித்தேன். அவருக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஏழு மாதமாகக் காத்துக்கொண்டிருந்தவன் நான். சந்தர்ப்பம் படியிறங்கி வந்து தானாகவே கேட்டுவிட்டுப் போயிருந்தது.

மாமா என் அம்மாவின் ஒன்றுவிட்ட அண்ணன். எழுபதுகளின் தொடக்கத்தில் எஞ்சினியராகக் கனடாவுக்கு வந்தவர். வைன் போத்தல்களைப் படுக்க வைப்பதற்கென்றே ஒரு மரத்தட்டு வைத்திருந்தார். கிளாஸைச் சுழற்றி, மணந்து பார்த்து, ஏதோ கண்டுபிடித்தவர்போலத் தலையாட்டுவார். நான் பாரிஸில் மூன்று ரெஸ்ரோறன்ற்களில் தட்டுக் கழுவிவிட்டு வந்தவன். ஸ்காபரோவில் ஒரு டோனட் கடையில் வேலை. வேலையில்லாத நாட்களில் மாமா வீட்டுக் குசினியில் சமையல்.

முதல் தடவை அவர் என் கட்டிலில் இருந்தது, போன நவம்பரில். அதற்கு முதல் நாள், சனிக்கிழமை, அவர் தன் ஒபிஸ் ஆட்கள் இருபது பேரை மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார். நான் விடியவே எழும்பி ஆட்டிறைச்சிக் கறியும் கோழிப் பிரட்டலும் வைத்தேன். சாப்பிட்டவர்கள் புகழ்ந்தார்கள். மாமா என்னைக் கூப்பிட்டு, எல்லோருக்கும் முன்னால் ஒரு கிளாஸ் சிவப்பு வைனை என் கையில் தந்தார். நான் குடித்தேன். யாரோ சொன்ன பகிடிக்கு வாய்விட்டுச் சிரித்ததும் ஞாபகம்.

அடுத்த நாள் காலையில் மாமா கட்டிலில் வந்து இருந்து சொன்னார். "உன்ரை அப்பா மோசம் போயிட்டார். கொழும்பிலையிருந்து போன் வந்தது."

"எப்ப வந்தது?"

அவர் சுவரைப் பார்த்தார். "நேற்றுக் காலமை. ஆக்கள் வாற நேரம்…"

ஊரிலிருந்து செய்தி கொழும்புக்கு வந்து சேரவே இரண்டு நாள் எடுத்திருந்தது. தம்பி கொள்ளி வைத்து முடித்துவிட்டான். முதலே சொல்லியிருந்தாலும் நான் எதையும் மாற்றியிருக்க முடியாது. ஆனால் அப்பா செத்த செய்தி வீட்டுக்குள் இருக்கும்போது, மூத்த மகன் நான் இறைச்சிக் கறிக்கு உப்புப் பார்த்தேன், வைன் குடித்தேன், சிரித்தேன். சாவுத் தீட்டு, துடக்கு வீடு என்று சொன்னால் விருந்து நின்றுவிடும், அதனால் மறைத்திருக்கிறார் என்று விளங்கியது. அன்றிலிருந்து மாமாவுக்கு "ஓம்", "இல்லை" என்பதற்கு மேல் நான் எதுவும் பேசவில்லை.

லிஸ்டுக்கு ஒன்றரை மாதம் வேலை செய்தேன். பாரிஸில் என்னோடு தட்டுக் கழுவிய ஒரு அண்ணைக்குக் கடிதம் போட்டேன். எந்தக் கடைகள் ஓகஸ்டில் பூட்டும், எவை ஞாயிற்றுக்கிழமை பூட்டும், எவை திங்களில் பூட்டும் என்று கேட்டேன். ஓகஸ்டில் பாரிஸ் முதலாளிமார் கதவைப் பூட்டிக்கொண்டு கடற்கரைக்குப் போய்விடுவார்கள். அண்ணை இரண்டு பக்கத்துக்குப் பதில் எழுதினார். கடைசியில், "உனக்கு ஏன் பூட்டின கடையளின்ரை விபரம்?" என்று கேட்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானத்துக்கு, மொன்மார்த்ரில் நூறு படிக்கு மேல் ஏறிப்போகும் ஒரு கடை. ஓகஸ்ட் முழுக்கப் பூட்டு. அன்று பின்னேரம் ஒரு வைன் பார், கதிரை கிடையாது, நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும். மாமாவுக்கு முழங்கால் நோ. ஞாயிற்றுக்கிழமைக்கும் திங்கட்கிழமைக்கும் அந்தந்த நாள் பூட்டும் கடைகள். திங்கள் பின்னேரத்துக்கு மட்டும் திறந்திருக்கும் ஒரு இடம் போட்டேன். அங்கே அந்துயெத் கேளுங்கள் என்று எழுதினேன். பன்றிக் குடலுக்குள் பன்றிக் குடலையே திணித்துச் செய்கிற சொசேஜ் அது. வெட்டினால் கழுவாத கக்கூஸ் மணம் வரும். அதற்குப் பக்கத்தில், "பாரிஸ்காரர் விருந்தாளிக்குக் கொடுக்கிற முதல் மரியாதை. மிச்சம் விடக்கூடாது" என்று எழுதினேன். ஒவ்வொரு இடத்துக்கும் எந்த மெட்ரோவில் இறங்குவது, எந்தப் பக்கம் திரும்புவது, எந்த வைன் என்று முத்துமுத்தான எழுத்தில். மாமா அதை வாசித்துவிட்டு சிநேகிதர் ஒருவருக்குப் போன் எடுத்து, "என்ரை மருமோன் எழுதித் தந்தவன்" என்று சொன்னது எனக்குக் கீழே கேட்டது. அப்போதுகூட எனக்கு மனம் இளகவில்லை.

மாமியை மட்டும் பட்டினி போட மனம் வரவில்லை. அந்தத் துக்க நாட்களில் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து தந்தவர் அவர். கார் து நோர் ரெயில் ஸ்டேஷன் பக்கம் இருந்த அந்த அண்ணையின் விலாசத்தை ஒரு துண்டில் எழுதி அவர் ஹான்ட்பாக்கில் வைத்தேன். "பசிச்சால் இங்கை போங்கோ மாமி. அவையள் பாத்துக்கொண்டிருப்பினம்."

திரும்பி வந்த மாமா பாரிஸைப் பற்றி என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்தவர்களிடம், "அந்துயெத் எண்டு ஒண்டு சாப்பிட்டன், சொல்லி வேலையில்லை" என்று புகழ்ந்தார். அவர் அவமானப்பட்டதை அவர் வாயாலேயே கேட்க வேண்டும் என்றுதான் நான் இருந்தேன்.

அடுத்த கிழமை மாமா வேலைக்குப் போயிருந்தபோது, மாமி குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னார்.

"எல்லாம் பூட்டிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆத்தங்கரையிலை இருந்து பாண் சாப்பிட்டம். திங்கக்கிழமை அந்தச் சாமானை அவர் முழுக்கச் சாப்பிட்டார். பிறகு றூமிலை வந்து சத்தி எடுத்து எல்லாம் வெளியிலை வந்திட்டுது. செவ்வாயும் எழும்பேல்லை. நான் உன்ரை சிநேகிதன் வீட்டை போனன். அவன்ரை மனிசி இடியப்பமும் சொதியும் செய்து தந்தா."

நான் வெங்காயத் தோலைப் பொறுக்கிக் குப்பை வாளிக்குள் போட்டேன்.

"வேணுமெண்டுதானே எழுதினனி?"

"ஓம் மாமி. அப்பான்ரை செய்தியை அவர் மறைச்சதுக்கு."

மாமி கத்தியை வைத்துவிட்டுக் கையைத் துடைத்தார். "அந்தப் போனை எடுத்தது நான். ஆக்களை வரவேண்டாமெண்டு சொல்லுவம் எண்டுதான் மாமா நிண்டவர். நான்தான் விடேல்லை. அவற்றை ஒபிஸ் பெரியவையள் முதல் முதலாய் எங்கடை வீட்டை வருகினம், உனக்கு ஒரு நாள் பிந்திச் சொன்னால் என்ன எண்டு நினைச்சன். அடுத்த நாள் உன்ரை முகத்தைப் பாக்கப் பயத்திலை அவரைக் கீழை அனுப்பினன்."

"இவ்வளவு நாளும் ஏன் சொல்லேல்லை?"

"உனக்கு அவரிலைதான் கோவம் எண்டு கண்டன். அது அப்பிடியே இருக்கட்டுமெண்டு விட்டிட்டன். இடியப்பம் சாப்பிடேக்கைதான் மனசுக்கு ஏலாமல் போச்சுது."

அவர் அழுதார். வெங்காயமும் இருந்தது. நான் அவரைத் தேற்றவில்லை. ஒன்பது மாதம் ஒரு ஆளை வெறுத்துப் பழகியிருந்தேன். அது பிழையான ஆள் என்றால், அந்த வெறுப்பு என்னவாகும் என்று எனக்குத் தெரியவில்லை. அன்று எனக்குக் கூடுதலாகக் கோபம் வந்தது என் மேல்தான். தண்டிக்க வேண்டியவருக்குத் தேடிப்பிடித்து இடியப்பம் கொடுத்திருந்தேன்.

செப்டம்பரில் பார்க்டேலில் மூன்று பேரோடு ஒரு அபார்ட்மென்டுக்குப் போனேன். மாமாதான் காரில் கொண்டுபோய் விட்டார். லிஸ்டை வேணுமென்று எழுதினேன் என்று வழியில் அவரிடம் சொன்னேன்.

"சனிக்கிழமையே விளங்கிட்டுது," என்றார், ரோட்டிலிருந்து கண் எடுக்காமல்.

"பிறகேன் மிச்ச இடங்களுக்கும் போனீங்கள்?"

"அண்டைக்கு உன்னட்டைச் சொல்லாமல் விட்டது நானும்தானே. அவ சொன்னாலும் எனக்கு வாய் இருந்தது." பிறகு, எந்த எக்சிற்றில் இறங்க வேண்டும் என்று கேட்டார்.

அதன்பிறகு இரண்டு வருடம், மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாமா வருவார். நாங்கள் இருவரும் கீழே போய்க் கோப்பி குடிப்போம், ஊர்ச் செய்தி பேசுவோம். மாமி சமைத்த கறியை ஒரு பெட்டியில் கொண்டுவருவார். அதை நான் ஒரு வாய்கூடத் தொடவில்லை. வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டார்கள். பெட்டியைக் கழுவித் திருப்பி அனுப்பினேன். கறி எப்படி என்று மாமி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன்.