அக்கா திருப்பிய ஃபேன்

அந்தப் பெடஸ்டல் ஃபேன் பந்தல்காரரிடம் வாடகைக்கு எடுத்தது. பச்சை நிறம், ஓட ஆரம்பித்தால் தடதடவென்று பக்கத்தில் பேசுவதே கேட்காது. என் ஓரகத்தியின் மகளுக்கு அரும்பாவூர் வீட்டில் வளைகாப்பு. மாசமாக இருக்கிற பெண்ணுக்கு வியர்க்கக் கூடாது என்று ஃபேனை அவள் முகத்துக்கு நேரே வைத்திருந்தோம். பாதி வளையல்கூட ஏறியிருக்காது, ஓரகத்தி விறுவிறுவென்று எழுந்துபோய் ஃபேனைத் தன் பக்கம் திருப்பினார். முந்தானையை உதறிக்கொண்டு அதன் முன்னால் நின்றார். சம்பந்தி வீட்டார் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

ஓரகத்தி என் கணவரின் அண்ணன் மனைவி. நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். வெங்காயக் காட்டில் அவர் ஆளைக் கூப்பிட்டால் அடுத்த காட்டு ஆளும் திரும்பிப் பார்ப்பான். அப்படிப்பட்டவர் அதற்கு முன்பு சில மாதங்களாக வாயே திறக்காமல் இருந்தார். மாதவிலக்கு வரவில்லை. வயதோ நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. மகள் உண்டாகியிருக்கிற நேரத்தில் அம்மாவும் உண்டாகிவிட்டாளா என்று ஊர் சிரிக்குமே என்ற பயம். "சம்பந்தி வூட்ல எப்படிடி மொகத்தக் காட்டுவேன்? செத்துரலாம் போல இருக்கு" என்று என்னிடம் அழுதார்.

மாமியார் மோப்பம் பிடித்துவிட்டார். எள்ளும் கருப்பட்டியும் இடித்துக் கொடுத்தார், பப்பாளி வெட்டிக் கொடுத்தார். ஒன்றும் ஆகவில்லை. பிறகு எங்கிருந்தோ கலைக்கிற மாத்திரையே வாங்கிவந்து அக்காவின் கையில் திணித்தார். "யாருக்கும் தெரியாம முழுங்கிடு, சரியாப் போயிரும்." அவரும் பாவம், குடும்ப மானத்துக்குப் பயந்தவர்.

நானாக இருந்தால் முழுங்கியிருப்பேன், சத்தியமாக. அக்கா மாத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டார். "இருந்தா இருக்கட்டும், இல்லன்னா போவட்டும். என்னான்னு தெரியாம எதையும் வாயில போடமாட்டேன். கெளம்புடி" என்று என்னை இழுத்துக்கொண்டு பெரம்பலூர் பஸ் ஏறினார். ஆஸ்பத்திரியில் மகள் வயதுப் பெண்களோடு வரிசையில் உட்கார வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க்காரப் பெண் ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு, "என்னங்க, பொண்ணுக்காக வந்தீங்களா?" என்றாள். ஆமாம் என்று நான் தலையாட்டப் போனேன். அக்கா முந்திக்கொண்டு, "இல்லங்க, எனக்குத்தான்" என்றார். அடேயப்பா, என்ன நெஞ்சழுத்தம்!

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கர்ப்பம் இல்லை என்றார். மாதவிலக்கு அடியோடு நிற்பதற்குச் சில வருடங்கள் முன்பே உடம்பில் ஹார்மோன்கள் ஏறி இறங்குமாம். ஒரு மாதம் வராமலே போகும், அடுத்த மாதம் கொட்டித் தீர்க்கும். திடீரென்று உடம்பு எரியும், தூக்கம் வராது, காரணமில்லாமல் கோபம் வரும். ஒரு வருடம் முழுக்க வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று அர்த்தம். அதுவரை கருத்தரிக்கவும் வாய்ப்புண்டு. ரத்தம் அளவுக்கு மீறிப் போனாலோ, நின்ற பிறகு மறுபடி பட்டாலோ தாமதிக்காமல் வரவேண்டும் என்றார். அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இடுப்பிலிருந்த மாத்திரையை எடுத்து மேசையில் வைத்தார். "நல்லவேளை, முழுங்காம வந்தீங்க" என்றார் டாக்டரம்மா. திரும்பும் பஸ்ஸில் அக்கா சிரித்தார், சிரித்துக்கொண்டே அழுதார். நானும் அழுதேன்.

வளைகாப்பு நாளுக்குள் ஆஸ்பத்திரியில் பார்த்த பெண் புண்ணியத்தில் விஷயம் சம்பந்தி வீடு வரை போயிருந்தது. ஃபேன் முன்னால் அக்கா நின்றதும் சம்பந்தியம்மா, "என்னங்க, உங்களுக்கும் ஏதாச்சும் விசேசமா?" என்று கேட்டே விட்டார். அக்கா நிதானமாகத் திரும்பினார். "விசேசமெல்லாம் எம் பொண்ணுக்குத்தாங்க. எனக்கு நிக்கப்போற நேரம், ஒடம்பு தீயா எரியுது. டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க." சம்பந்தியம்மாவே தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு ஃபேன் பக்கம் வந்து உட்கார்ந்தார். "எனக்கும் ராத்திரியெல்லாம் இப்படித்தாங்க" என்றார்.

அன்று வயிற்றில் இருந்த குழந்தைக்குப் போன மாதம் அரியலூர் மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு. வாசலில் ஆளுயரத்துக்கும் மேலே ஃப்ளெக்ஸ். எனக்கு இப்போது அக்காவின் அன்றைய வயது. எரிச்சலும் வியர்வையும் வந்து ஒரு வருடம் ஆகிறது. கேட்கிறவர்களிடம் எல்லாம் பிரஷர் என்று சொல்லிவைத்திருந்தேன், வீட்டுக்காரரிடமும்கூட. கழுத்தைத் துடைத்தபடி தூண் ஓரமாக ஒதுங்கி நின்ற என்னை முன்வரிசையிலிருந்து அக்கா பார்த்துவிட்டார். அவருக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, குரல் மட்டும் அப்படியே இருக்கிறது. எழுந்துபோய் மேடைப் பக்கம் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்த ஃபேனை என் பக்கம் திருப்பினார்.

"வந்ததுக்கு வாசல்ல ஃப்ளெக்ஸ் வெச்சிருக்கோம். போறதுக்கு ஒரு ஃபேன் வெக்கக் கூடாதா? வாடி, இப்படி வந்து நில்லு."

மண்டபமே திரும்பிப் பார்த்தது. போய் நின்றேன். பக்கத்தில் இருந்த பெண், "என்னங்க, பிரஷரா?" என்று அக்கறையாகக் கேட்டாள்.

"இல்லங்க" என்றேன். "எனக்கு நிக்கப்போற நேரம்."